எல்லாருக்கும் ஐம்பதா?

முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது தேபாரதிக்கு வாய் கொஞ்சம் நீளம். புள்ளியியலில் ஆராய்ச்சி செய்கிறவள். உதவித்தொகைக்காக வாரம் மூன்று வகுப்பு எடுத்தாக வேண்டும், எடுப்பதில் ஆசையும் உண்டு. நம் ஜனங்களிடம் வயதைக் கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்றுதான் சொல்வார்கள், நாற்பத்தேழு என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது, அதனால் உண்மையான வரைபடத்தில் அந்த இடங்கள் மட்டும் பனைமரமாக நிமிர்ந்து நிற்கும் என்று பலகையில் வரைந்து காட்டினாள்.

பிள்ளைகளுக்கு அவள் தீதி, அதாவது அக்கா. பின்வரிசை வாயாடி ஷௌவிக், தீதியின் சொந்த ஆராய்ச்சி வரைபடத்தைக் காட்டச் சொன்னான். அவளும் பெருமையாகத் திரையில் போட்டாள். சுந்தரவனத் தீவுகளில் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்று இறால் குஞ்சு பிடிக்கும் பெண்கள் ஆயிரத்து நூறு பேரின் வயதுகள். எந்த வயதில் உடம்பு அவர்களைக் கரையில் உட்கார வைக்கிறது என்பதுதான் ஆய்வு. நான்கு வருட உழைப்பு. திங்கட்கிழமை துறையின் முன்னால் வாசித்துவிட்டால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம்.

"தீதி, உங்க தீவுல எல்லாரும் பிறந்த சர்டிபிகேட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறாங்களா? ஒரு பனைமரத்தையும் காணோமே."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். திரையைத் திரும்பிப் பார்த்தாள். கோடு வழவழவென்று ஏறி வழவழவென்று இறங்கியது. நான்கு வருடமாக அழகாக இருக்கிறதே என்று ரசித்த கோடு. அழகாக இருப்பதைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்?

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் விடுதியில் டேபிள் டென்னிஸ் ஆடப் போனாள். அங்கே அவளை ஜெயிக்க ஆளில்லை என்று பெயர். அன்றைக்கு, போன மாதம்தான் மட்டை பிடிக்கத் தொடங்கிய பெண்ணிடம் மூன்று ஆட்டம் தோற்று, மேஜை கோணல் என்றாள். நூலகத்தில் உட்கார்ந்தாள், எழுந்தாள், படியில் ஏறினாள், இறங்கினாள். விடிந்ததும் சியால்தா ஸ்டேஷனில், தீவுப் பக்கம் போகும் கானிங் ரயிலைப் பிடித்தாள்.

தீவில் அவளுக்காக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர் கோகுல் மண்டல். பொரியும் தேநீரும் கொடுத்து உட்காரவைத்தார். வயதெல்லாம் எப்படி இவ்வளவு சீராக வந்தது என்று கேட்டாள். மனிதர் முகம் மலர்ந்தது.

"நான்தான் பிரிச்சுப் போட்டேன் தீதிமணி. முதல் மாசம் தாளைப் பார்த்துட்டு, எல்லாருக்கும் ஐம்பதா, உட்கார்ந்த இடத்துலயே எழுதினீங்களான்னு கேட்டீங்களே. அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்னேன், நீங்க நம்பல. ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு. அப்புறம் முகத்தைப் பார்த்து ஒருத்திக்கு நாற்பத்தெட்டு, இன்னொருத்திக்கு ஐம்பத்திரண்டுன்னு போட்டேன். அதுக்கப்புறம் நீங்க திட்டவே இல்லையே."

திட்டவில்லைதான். மெய்யை எழுதியபோது திட்டினாள். பொய்யை எழுதியபோது பூஜைக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. பழைய தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டாராம்.

பேசாமல் திரும்பிப் போகலாம். துறையில் இத்தனை பேர் பார்த்த படம்தான், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் ஒரு பையன் அடித்த கிண்டலை யார் ஞாபகம் வைக்கப்போகிறார்கள்? படகுத்துறை வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். கோகுல் கூடவே வந்துகொண்டிருந்தார். கடைசியில் அவர் எதிரிலேயே தன் வழிகாட்டி லாஹிரி சாரைப் போனில் அழைத்து, திங்கட்கிழமைக் கூட்டத்தை நிறுத்தச் சொன்னாள். கணக்கெடுத்த ஆள் செய்த மோசடியா என்று சார் கேட்டது வெளியே கேட்டது. கோகுலின் முகம் சுண்டிவிட்டது.

"இல்ல சார். உண்மையை எழுதினவரைப் பொய் எழுதப் பழக்கினது நான்தான்."

 சார், மார்ச்சோடு உதவித்தொகை முடிகிறது, அதற்கப்புறம் தன்னால் எந்த உறுதியும் தர முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தேபாரதி புதுத் தாளை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனாள். வாசலில் ஒரு கிழவி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வயது கேட்டதற்கு ஐம்பது என்றாள். பக்கத்தில் பாதி நரைத்த தலையோடு அவளுடைய மூத்த மகள்.

"எனக்கும் ஐம்பதுன்னே போட்டுக்கோம்மா."

கோகுல் பயத்தோடு தேபாரதியின் பேனாவைப் பார்த்தார். வேறு எண்ணைப் போட அவளுக்கே கை துறுதுறுத்தது. அவள் ஐம்பது என்று எழுதினாள். அதற்குக் கீழே, மகளுக்கும், ஐம்பது.