பிளேயருக்குக் காதுகுத்து

செண்பகவல்லியின் மியூசிக் பிளேயருக்கு நாலு வயது முடிந்து ஐந்து நடக்கிறது. இன்னும் காது குத்தவில்லை. அதனால் அது இன்னும் வாய் திறக்கவில்லை. கோவில்பட்டியில் இது ஒன்றும் அதிசயமில்லை. பிளேயர் வைத்திருப்பவர்கள் ஐந்து முடிவதற்குள் குலதெய்வம் கோயிலில் காதைக் குத்திவிடுவார்கள். அன்றைக்கு மாட்ட ஹெட்போனோ ஸ்பீக்கரோ வாங்கி வருவது தாய்மாமன் சீர். அவன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள்.

தாய்மாமன் என்றால் பூமிநாதன். செண்பகவல்லிக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனோடு அவள் பேசி நாலு வருடம் ஆகிறது.

தப்பு அவன் பேரில்தான். அதை மூடி மறைப்பானேன். அவள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அவனை முதல் பந்தியில்தான் உட்கார வைத்தார்கள். எல்லார் இலையிலும் அப்பளம் விழுந்தது. பரிமாறியவர் இவன் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டார். ஒரே ஒரு அப்பளம். மனுசன் எழுந்துவிட்டான். சோற்றில் கை வைக்காமல் வாசலுக்கு வந்து, ஹெல்மெட்டை மாட்டி, வண்டியை உதைத்தான். பின்னால் அவள் "அண்ணே" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றும் அவன் காதில் நன்றாக விழுந்தன. திரும்பிப் பார்த்து, ஹெல்மெட்டைத் தொட்டு, கேட்கவில்லை என்று கையை ஆட்டினான். அதற்கு மேலும் அவள் என்னவோ சொன்னாள். அது உண்மையாகவே வண்டிச் சத்தத்தில் போய்விட்டது. வீம்பு, வேறென்ன.

அந்த வாரமே அவள் பிளேயரை வாங்கினாள். தீப்பெட்டி அளவு, நீல நிறம். அண்ணனிடம் பேச வேண்டியதையெல்லாம் அதனிடம் பேசி வளர்த்தாள். அரிசி களையும்போதும் பேசினாள், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பேசினாள். மற்றவர்களிடம் பேச்சே நின்றுபோனது. புருசன் வேல்மயிலுக்குக்கூட சைகைதான். பிள்ளை நன்றாகக் கேட்டு வளர்கிறது என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். காது குத்திவிட்டால் பிள்ளை பேசும், தாய்க்கும் பேச்சு திரும்பும். அதுதான் முறை.

பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தவரும் வேல்மயில்தான். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. 'தாய்மாமன்: பூமிநாதன்' என்று அச்சில் இருந்தது. அடியில் பேனாவால் அவள் கையெழுத்து. 'இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகணும்.'

பூமிநாதன் அழுதான். அவனுக்குத் தங்கச்சியின் குரல் வேண்டியிருந்தது. திட்டினாலும் சரி, சபித்தாலும் சரி, அவள் வாயால் ஒரு தடவை "அண்ணே" என்று கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

ஹெட்போன் கடை மெயின் ரோட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகை உண்டு, எழுத்து கிடையாது. அகலம் ஆறடி. நீளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலை பத்து மணிக்கு உள்ளே போனான். இரண்டு பக்கமும் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டி மேலும் ஹெட்போன் மாட்டிய பெண்ணொருத்தி சிரித்தாள். நடந்தான். சுவரில் 'சாத்தூர் 14' என்று மைல்கல் வந்தது. அதற்கப்புறம் பெட்டிகளில் இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. 'சாத்தூர் 9' அருகில் ஒரு மேசையும் கடைக்காரரும் இருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் வரிசையாக முக்காலிகள். அவற்றில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பட்டு வேட்டி, நெற்றியில் காய்ந்த சந்தனம், தலையில் ஹெட்போன். ஒருத்தருக்குத் தாடி மடியில் கிடந்தது. யாரும் அசையவில்லை. கடைசி முக்காலி காலியாக இருந்தது. கடைக்காரர் அதை ஒரு துணியால் துடைத்துவிட்டு வந்தார்.

"எத்தன வயசு?" என்று கேட்டார்.

"நாலு முடிஞ்சிருச்சு."

"தாய் பேசுதா?"

"இல்ல."

"அப்ப நெறஞ்சிருக்கும்."

ஒரு படிவத்தை நீட்டினார். தாய்மாமன் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். பெயர், ஊர், குலதெய்வம் எல்லாம் எழுதினான். நாலாவது கேள்வி: 'கடைசியாக உங்களை அண்ணன் என்று அழைத்த தேதி?' பால்காய்ப்புத் தேதியைப் போட்டான். ஐந்தாவது: 'பதில் சொன்னீர்களா?' கடைக்காரர் படிவத்தை வாங்கி, தானே 'இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார்.

பிறகு சரக்கை எடுத்து வைத்தார். ஸ்பீக்கர் தேங்காய் அளவில் கறுப்பாக இருந்தது. அதை மாட்டினால் பிள்ளையின் முதல் பேச்சு பந்தல் முழுக்கக் கேட்கும் என்றார். உங்கள் தங்கை உங்களைப் பற்றி என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாளோ அத்தனையும் சம்பந்தக்காரர்களுக்கும் சமையல்காரருக்கும் தெரியும். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். ஹெட்போன் அப்படியில்லை. ஒரு முனை பிள்ளை காதில், மறுமுனை மாமன் தலையில். மாமனுக்கு மட்டும்தான் கேட்கும், மானம் பந்தலைத் தாண்டாது. பக்கத்தில் வேட்டுப் போட்டாலும் வெளிச்சத்தம் உள்ளே வராது. ஆனால் பேச்சு முடிந்தால்தான் தலையை விட்டு இறங்கும்.

பூமிநாதன் முக்காலி வரிசையைப் பார்த்தான்.

"அவுகள்லாம் யாரு?"

"மாமன்மாருதான். கேட்டுக்கிட்டிருக்காக."

அவன் யோசித்தான். ஸ்பீக்கர் என்றால் அப்பளக் கதை சந்திக்கு வரும். ஒரு அப்பளத்துக்காகத் தங்கச்சி வீட்டுச் சோற்றை உதறியவன் என்று வேல்மயில் வீட்டு ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். செண்பகம் சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாதவள். நாலு வருடத்தில் அப்படி என்ன பேசியிருக்கப் போகிறாள்? போனால் ஒரு மணி நேரம். பந்திக்குள் முடிந்துவிடும். இப்படிக் கணக்குப் போட்டான் பாவி மனுசன்.

"ஹெட்போனே குடுங்க" என்றான்.

கடைக்காரர் அவன் தலையைச் சாணால் அளந்தார். பிறகு கழுத்தையும் அளந்தார். எதற்கென்று இவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

காதுகுத்தன்று கோயிலில் பந்தல் போட்டிருந்தது. செண்பகவல்லி வாசலில் நின்றிருந்தாள். இவனைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பேச்சு இன்னும் வரவில்லை. முதல் பந்தியில் முதல் இலையை அவளே போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் இரண்டு அப்பளம் வைத்து, அதன் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்திருந்தாள். இது உனக்கு என்று கையால் காட்டினாள்.

முதலில் மொட்டை. பிளேயரின் ரப்பர் உறையைக் கழற்றி, மேலே சந்தனம் பூசினார்கள். பூமிநாதன் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை மடியில் வாங்கினான். உள்ளங்கையில் சூடாக இருந்தது. ஹெட்போனைத் தலையில் மாட்டினான். பந்தலின் சத்தம் மொத்தமாக நின்றது. நாதஸ்வரக்காரரின் கன்னம் மட்டும் உப்பி உப்பி அடங்கியது. ஆசாரி தங்கக் கம்பியால் ஓட்டையைத் திறந்து ஒயரைச் செருகினார்.

பிள்ளை பேசியது. செண்பகத்தின் குரல்தான். பால்காய்ப்பன்று விடியற்காலையில் கோலத்துக்கு மாவு கரைத்ததிலிருந்து ஆரம்பித்தாள். எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியில் கை தப்பியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். கோழி கூவிய நேரம் சொன்னாள். அண்ணன் எந்தச் சட்டையில் வருவான் என்று மூன்று சட்டைகளை நினைத்துப் பார்த்ததைச் சொன்னாள். எதையும் சுருக்கவில்லை. பந்தி தொடங்கியபோது அவள் அந்த நாளின் ஏழு மணியைத்தான் எட்டியிருந்தாள்.

எல்லாரும் இலைக்குப் போய்விட்டார்கள். பூமிநாதன் ஹெட்போனைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. காது கூடவே இழுபட்டது.

செண்பகவல்லி எதிரே வந்து நின்றாள். அவள் வாய் அசைந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு அசைகிறது. உதடு விரிந்து, நாக்கு மேலே தொட்டு இறங்கியது. அண்ணே. மறுபடியும் அதே அசைவு. மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, சிரித்தபடி இலையைக் கை காட்டினாள். அவன் காதுக்குள்ளே ஏழே காலுக்குப் பால்காரர் வந்தார்.

"கேக்கல, செண்பகம்" என்றான். தன் குரலும் அவனுக்குக் கேட்கவில்லை. ஹெட்போனைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினான்.

அந்தக் கையசைப்பை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அவள் முகம் மெல்ல மூடிக்கொண்டது.

பந்தி முடிந்தது. இரண்டாம் பந்தியும் முடிந்தது. அவன் இலையில் சோறு காய்ந்தது. செண்பகவல்லி கிண்ணத்தை எடுத்துவிட்டு, இரண்டு அப்பளமும் உள்ளே கிடக்க இலையை மடித்தாள். நல்ல காரியத்தில் தன் பக்கமாகத்தான் மடிப்பார்கள். அவள் எதிர்ப்பக்கமாக மடித்தாள். வேல்மயில் பந்தல்கால் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். பூமிநாதன் பிளேயரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து அவள் பின்னால் இரண்டு எட்டு வைத்தான். தீப்பெட்டி அளவுப் பிளேயர் இம்மியும் அசையவில்லை, ஒயர் இழுத்து நிறுத்தியது. பந்தல் வாசலில் கடைக்காரர் முக்காலியோடு நின்றிருந்தார். வந்து, அதை அவன் முழங்காலுக்குப் பின்னால் வைத்தார்.

இப்போது காதுக்குள் அவள் வாசலுக்கு வந்திருந்தாள். வண்டியை உதைக்கிற சத்தத்தையும் சொன்னாள். அண்ணே என்று மூன்று தடவை கூப்பிட்டாள். பிறகு, அன்றைக்கு வண்டிச் சத்தத்தில் போனதைச் சொன்னாள்.

"ஒனக்குத்தான் சூடா அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு நிமிசம் உக்காருண்ணே."

பூமிநாதன் உட்கார்ந்தான்.