ஈரமில்லாத பெட்டி

"பெட்டியத் தொட்டுப் பாரும்மா. சொட்டுத் தண்ணி இருக்கா? ஐஸ் உருகி உன் புருஷன் முங்கிப் போனானா?" என்றார் ஹாஜி தஸூக்கி. எகிப்தின் தன்தா ஊரில் பாதிக் கல்யாணங்கள் அவருடைய மண்டபத்தில்தான் நடக்கும்.

இன்ஷிராஹ் பெட்டியைத் தொடவில்லை. நேற்று அந்த ஐஸ் பெட்டியோடு சேர்த்துத்தான் அவள் புருஷன் ஷாபானை வேனிலிருந்து இழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மேகத்தின் நடுவே ஆடுவதுபோலத் தெரிய வேண்டுமே, அந்தப் புகைக்காகக் கெய்ரோவிலிருந்து ட்ரை ஐஸ் ஏற்றி வந்தவன். வெளியே கம்சீன் பாலைக்காற்று புழுதியை வாரி அடித்ததால் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தான். வண்டி வாய்க்கால் கரை மரத்தில் மோதி நின்றது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அதற்குள் கஞ்சா அடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரெல்லாம் பேச்சு. கிளப்பியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்த ஐஸ் உருகவே உருகாதாம். கட்டி அப்படியே காத்தாப் போயிடுமாம். அடைச்ச வண்டிக்குள்ள அது நெறைஞ்சா மூச்சுத் திணறிடும்னு டாக்டர் சொல்றாரு. தொறந்த வண்டி குடுங்கன்னு எங்க வீட்டுக்காரரு உங்ககிட்ட கேட்டாரில்ல?"

"வெறும் காத்து ஆள சாய்க்குமா? அவன் இழுத்த புகை சாய்ச்சிருக்கும்."

வேலையாட்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் அவள் வாசலைப் பார்த்தாள். இன்றைய கல்யாணத்துக்கான ஐஸ் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. திறந்த லாரியில்.

அவள் லாரியிடம் போனாள். கோணிச் சாக்கைச் சுற்றி ஒரு கட்டியைத் தூக்கினாள். நேராக ஹாஜியின் காருக்குப் போய்ப் பின்சீட்டில் போட்டாள். கதவை அறைந்து சாத்தினாள்.

"வெறும் காத்துதானே ஹாஜியாரே? ஏறுங்க. கண்ணாடிய ஏத்திட்டுக் கெய்ரோ வரைக்கும் போயிட்டு வாங்க. வந்தீங்கன்னா எல்லார் முன்னாடியும் உங்க கையில முத்தம் குடுத்து மன்னிப்புக் கேக்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பூக்காரன்கூட ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தான். ஹாஜி சாவிக்கொத்தைக் கைமாற்றிக்கொண்டார்.

"பைத்தியக்காரி. டேய், கதவத் தொறந்து விடுங்கடா! நாலு கதவையும்!"

"ஏன்?" என்றாள் அவள்.

வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனும் அசையவில்லை. மூடிய கண்ணாடிக்குப் பின்னால், சாக்குக்குள் கட்டி சிறுத்துக்கொண்டே வந்தது. சீட்டில் ஈரமே இல்லை.