பன்னிரண்டாவது ஆள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப்பெட்டியும் கிடையாது, ஓட்டுச்சீட்டும் கிடையாது. அதிபர் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்பதை முடிவு செய்ய ஊரே பள்ளிக்கூட விளையாட்டரங்கில் கூடி, அவரவருக்குப் பிடித்த ஆளின் மூலையில் போய் நிற்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை முதலாளி முதல் பாதிரியார் வரை எல்லோரும் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் ஜனநாயகமாம்.

இன்சுலின் விலையைக் குறைப்பேன் என்று சொன்ன வேட்பாளரின் மூலையில் ரோண்டா நின்றாள். அவள் மகள் ஜனெல் இருபத்தாறு வயதானதும், சட்டப்படி, அப்பாவுக்கு அவர் முதலாளி தரும் மருத்துவக் காப்பீட்டிலிருந்து கழற்றிவிடப்பட்டாள். வாங்கக் கட்டுப்படியாகாமல் மருந்தைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்குள் செத்துப்போனாள்.

"பதினொண்ணு!" என்று கத்தினார் கூட்டத் தலைவர். "பன்னெண்டு இல்லேன்னா இந்த மூலை கலைஞ்சுது. கால் மணி நேரம் இருக்கு, ஆள் புடிங்க!"

எதிர் மூலையில் அவள் புருஷன் டேரல், தன் முதலாளி டாலெஃப்சனுக்குப் பக்கத்தில் நின்றான். ரோண்டா நேராகப் போய் அவன் கையைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு ஆளுதான் குறையுது. ஜனெலுக்காக வாங்க."

டேரல் தரையைப் பார்த்தான். "கிப்புக்கு மருந்து யாரு காப்பீட்டுல வருது?"

கிப் அவர்கள் மகன். பதினேழு வயது. அக்காவுக்கு இருந்த அதே சர்க்கரை நோய்.

"இத்தனை பேர் முன்னாடி உங்களை என்ன பண்ணிடுவாரு?"

"இத்தனை பேர் முன்னாடி ஒண்ணும் பண்ணமாட்டாரு," என்றான் டேரல்.

விசில் ஊதினார்கள். ரோண்டாவின் மூலை கலைந்தது. இனி வேறு மூலைக்குப் போகலாம், இல்லை வீட்டுக்குப் போகலாம். சிலர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவளும் கிளம்பியிருப்பாள்.

"என்னம்மா ரோண்டா, உங்க கடையைச் சாத்திட்டாங்களாமே!" டாலெஃப்சன் சிரித்தபடி டேரலின் தோளில் கையைப் போட்டார். "வா, வீட்டுக்காரர் பக்கத்துல இடம் இருக்கு. எங்களோட நிக்கக் கூச்சமா என்ன?"

போட்ட கையை அவர் எடுக்கவில்லை. ரோண்டா அந்தக் கையையே பார்த்தாள். அவரை வெறுத்தாள், புருஷனை அதைவிட வெறுத்தாள். ஆனாலும் போய் நின்றாள். அந்த மூலை கைதட்டியது.

கணக்கெடுப்பவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். "நீ யாருக்கும்மா?"

ரோண்டா டாலெஃப்சன் மூலையின் வேட்பாளர் பெயரைச் சொன்னாள்.

"காதுல விழலையே. கொஞ்சம் சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னாள்.