முபிட்டா விட்ட பதினாறு மூச்சு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நிரப்பாமல் விட்ட ஒரு கட்டத்திலிருந்து பிறந்த கதை இது. மோங்கு நகர ஆஸ்பத்திரியில் நர்சிங் மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு நடத்துபவள் நான். எந்தக் கட்டம் என்று இப்போதே சொன்னால் திட்டுவீர்கள்.

2

'சாம்பேசி ஆற்றின் மேல் காலை வெயில்…' சீ, ஆற்றுக்கு இங்கே என்ன வேலை?

நளிஷெபோ ஒருமுறை பெயிலானவள். இன்றும் பெயிலானால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்படியே தொடங்குகிறேன்.

3

படுத்திருப்பவரின் மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. பெரியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை. எதிரில் நின்று நானும் எண்ணுவேன்; இரண்டும் ஒத்துப்போக வேண்டும். (எண்ணுவது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். பாருங்கள், உங்களுடையதே மாறிவிட்டது!)

நளிஷெபோ மரியாதை தெரிந்த பெண். கால் உடைந்து படுத்திருந்த படகுக்காரர் முபிட்டாவின் முன் மண்டியிட்டு, எங்கள் வழக்கப்படி கைதட்டி வணங்கி, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"அப்பா, உங்க மூச்சை எண்ணப் போறேன். எனக்குப் பரீட்சை."

கேட்டு வந்தவர்களை எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. "அவ்வளவுதானா மகளே? எண்ணிக்கோ!" என்று நெஞ்சை உப்பி, துடுப்புப் போடுவதுபோல இழுத்து இழுத்து விட்டார். முப்பத்தொன்று!

"ஐயோ அப்பா, போதும்!"

"கூச்சப்படாதே, இன்னும் இருக்கு."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் அவளுக்கு.

4

[இங்கே அவள் அழுவதாக எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவே இல்லை.]

"போகட்டும்ப்பா, தோத்துட்டேன். நாடி மட்டும் பார்த்துட்டுப் போறேன்" என்று அவர் கையைப் பிடித்து, அவர் நெஞ்சின் மேலேயே வைத்தாள். அவர் முகம் வாடிவிட்டது. நெஞ்சு தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. அடி கள்ளி! விரல்தான் நாடியில், கண்ணெல்லாம் ஏறி இறங்கும் அந்தக் கையில். எனக்குப் புல்லரித்தது.

"பதினாறு, டீச்சர்!"

என் தாளைப் பார்த்தேன். கட்டம் காலி. அவளை ரசித்த ரசிப்பில் நான் எண்ணவே இல்லை.*

* எண்ணாமலே 'இருபது' என்று எழுதிய ஏழு பேரைப் போன வாரம்தான் பெயிலாக்கினேன்.

5

முபிட்டா தலையைத் தூக்கினார். "பதினாறுதான் டீச்சர். நானும் கூடவே எண்ணினேன்ல?"

நிஜமாகவே எண்ணியிருந்தால் அது இயல்பான மூச்சில்லை, அவள் பெயில். எண்ணாமலே அவளுக்காகப் பொய் சொல்கிறார் என்றால் மூச்சு இயல்பானது, அவள் பாஸ். அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

முடிவு ஒன்று: பேசாமல் பதினாறு என்று எழுதிவிடுகிறேன். (அப்போது அந்த ஏழு பேர்?) முடிவு இரண்டு: நான் எண்ணவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன், மறுபடி எண்ணச் சொன்னால் மனிதர் மறுபடி துடுப்புப் போடுவார். முடிவு மூன்று: நான்…

நளிஷெபோ மூச்சு விடாமல் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். சீக்கிரம், அவள் எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்?