மனை நாற்பத்தொன்றில் காத்திருத்தல்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களை, உட்கார்ந்திருந்த வரிசைப்படியே எழுதுகிறேன். மேசையின் தலைமாட்டில் பேரூராட்சித் தலைவர் இருளாயி அம்மாள். அவருக்கு வலப்பக்கம் செயல் அலுவலர் நெப்போலியன். இடப்பக்கம் ஆறாவது வார்டு உறுப்பினர் மொக்கராசு. ஜன்னலோரம் ஊரின் நிலப் பயன்பாட்டு வரைபடம். அதற்கு முதுகு நிற்காது என்பதால் கை வைத்த நாற்காலி கொடுத்திருந்தார்கள். எதிரே மனுதாரர் அன்னக்கொடி. கதவோரம் ஒன்பதாவது வார்டு உறுப்பினன் வீரபத்திரனாகிய நான்.

பொருள் ஒன்றுதான். மனை எண் நாற்பத்தொன்றில் அன்னக்கொடி காத்திருக்கிறார். அவருடைய கணவர் தவசி லாரி ஓட்டியவர். "இங்கனயே நில்லு, டயருக்குக் காத்தடிச்சிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. அதற்குப் பிறகுதான் வரைபடம் ஊருக்கு வந்தது. அந்த மனைக்கு நீலம் பூசியது. நீலம் என்றால் வணிகம். அன்னக்கொடி நின்ற இடத்தில் மட்டும் இரண்டு பாதம் அளவுக்கு வெள்ளை விட்டிருந்தது.

"நீலத்துல என்னென்ன செய்யலாம்?" என்று தலைவர் கேட்டார்.

வரைபடம் எழுந்து மடிப்புகளை நீவிவிட்டுக்கொண்டது. "கடை, வங்கி, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க். காத்திருத்தல் இல்லை."

"பஸ் ஸ்டாண்டுல காத்திருக்காகளே" என்றார் மொக்கராசு.

"அது போக்குவரத்து. சாம்பல் நிறம்." வரைபடம் உட்கார்ந்தது.

நெப்போலியன் தொண்டையைச் செருமினார். "திட்டம் வர்றதுக்கு முந்தியே நடந்துட்டிருந்ததுன்னா தொடரலாம்மா. சட்டத்துல எடமிருக்கு. ஆனா பெருசாக்கக் கூடாது. நடுவுல விடவும் கூடாது. விட்டா போச்சு."

"நான் விட்டதே இல்லங்கய்யா" என்றார் அன்னக்கொடி. "மழைக்குக்கூட ஒதுங்கல. தங்கச்சி மகளுக்குக் காது குத்துனாக. அதுக்கும் போகல."

"சாட்சி இருக்கா தாயி?" என்றார் தலைவர்.

"பத்திரண்ணன் வீட்டு அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கந்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வரைபடமும் பார்த்தது.

"உண்மைதான்" என்றேன். "காலையில அவுக நிக்கிறாகளான்னு எட்டிப் பார்த்துட்டுத்தான் அடுப்பப் பத்தவைப்பேன்."

"எதுக்கு?" என்றார் நெப்போலியன்.

"காப்பிக்கு ஒரு டம்ளர் தண்ணி வைக்கணுமா, ரெண்டு வைக்கணுமான்னு தெரியணும்ல."

"அதான் அவுக விட்டதே இல்லையே. அப்ப ரெண்டுதான?" என்றார் மொக்கராசு.

"ரெண்டுதான். இருந்தாலும் பார்ப்பேன்."

அப்போது வரைபடம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டது. "ஐயா, நாற்பத்தொன்றில் இப்போது யாரும் இல்லை. நீலம் கசிகிறது. குதிகால் வரைக்கும் வந்துவிட்டது."

மின்விசிறி நின்று கேட்டது.

"நேர்ல வரணும்னு இவளுக்கு நோட்டீஸ் விட்டது யாருய்யா?" என்றார் தலைவர்.

"நாமதாம்மா. வராட்டா மனு தள்ளுபடி."

"வந்துட்டா?"

"காத்திருந்தது விட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

அன்னக்கொடி எழுந்துவிட்டார். "நான் போறேன். அவரு வந்து பார்த்துட்டு, ஆளக் காணோமேன்னு திரும்பிப் போயிட்டா?"

"விசாரணை நடக்கும்போது மனுதாரர் போகக் கூடாது" என்றார் நெப்போலியன். அதைச் சொல்லும்போது அவர் மேசையைத்தான் பார்த்தார்.

"பாதம் பாதியாகிவிட்டது" என்றது வரைபடம்.

இருளாயி அம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஏய் பத்திரம். இந்த விசயத்துல உனக்கு ஏதும் சம்பந்தம் இருக்கா?"

யோசித்தேன். இரண்டு டம்ளர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"இருக்குங்கம்மா."

"சம்பந்தம் உள்ள உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது. உள்ள இருக்கவும் கூடாது. எந்திரிச்சு வெளிய போ."

"எவ்வளவு தூரம்?"

"அத விதியில சொல்லல. வெரசாப் போ."

வராண்டா நான் நடக்க நடக்க நீண்டது. பிறப்புப் பதிவு அறை வந்தது, இறப்புப் பதிவு அறை வந்தது. இரண்டுக்கும் நடுவில் நீண்ட சுவர். குடிநீர்ப் பிரிவு வாசலில் செருப்பு நனைந்தது. கடைசிக் கதவைத் திறந்தால் மனை நாற்பத்தொன்று.

பாதங்களின் விரல் பகுதி மட்டும் வெள்ளையாக மிஞ்சியிருந்தது. அதன்மேல் காலை வைத்தேன். நீலம் நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கியது. அன்னக்கொடியின் பாதம் சிறியது. என் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அது விரிவாக்கம் ஆகிவிடக் கூடாதே என்று மடக்கிக்கொண்டேன்.

பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நான் தவசியைப் பார்த்தது கிடையாது. பார்க்காத ஒருவருக்காக எப்படிக் காத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே அன்னக்கொடிக்காகக் காத்திருந்தேன். யாருக்காக என்று விதி கேட்கவில்லை. அது சுலபமாகவே வந்தது.

அதே கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். ஓடி வந்திருந்தார்.

"என்னாச்சு?"

"தொடரலாம்னுட்டாக. விட்டுப்போகலன்னு அந்த வரைபடமே எந்திரிச்சுச் சொல்லுச்சு. காரணத்த எழுதிக் குடுப்பாகளாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "தள்ளுங்கண்ணே. ரெண்டு பேரு நின்னா பெருசாக்குனதா ஆயிரும்."

நான் ஒரு காலை எடுத்தேன். அவர் ஒரு காலை வைத்தார். நான் மறு காலை எடுத்தேன். இடையில் ஒரு கணம் இருவருக்கும் சேர்த்து இரண்டு பாதம்தான் இருந்தது. சட்டப்படி அது சரி.

"எம்புட்டு நேரம் நின்னீக? கால் வலிக்குதா?"

"விரல்தான்."

அவர் சிரித்தார். "தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வருதாம்" என்று ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

வீட்டுக்குப் போய்ப் பேரூராட்சிக்குக் கடிதம் எழுதினேன்.

'அண்டை மனைக்காரன் என்ற முறையில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை. மனுதாரரின் தங்கை மகள் திருமணத்தன்று மேற்படி இடத்தில் நான் காத்திருக்க அனுமதி வேண்டுகிறேன். பயன்பாடு மாறாது. பெரிதாகவும் ஆகாது. விரல்களை மடக்கிக்கொள்வேன். அவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே வரலாம். தவசி வந்தால் காப்பி கொடுத்து உட்கார வைக்கிறேன்.'

மடித்து உறையில் போட்டேன். சோற்றுப் பருக்கையால் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு டம்ளர் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். அது கொதிப்பதற்குள் தெருமுனைக்குப் போய்க் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டேன்.