வயர்லெஸ் ஆஃப்

பதினொரு மணிக்கு இன்டர்வியூ. பத்து மணி தாண்டியும் வித்யாவின் பழைய லேப்டாப்பில் 'வயர்லெஸ் ஆஃப்' என்றே வந்துகொண்டிருந்தது.

வேலையை விட்டபோது கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் மிச்சம் இருந்தது என் மனைவியுடைய இது ஒன்றுதான். கேமரா முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும், ஃபோனில் முடியாது. ஃபோனின் நெட்டாவது வருமா என்று கேபிளில் இணைத்துப் பார்த்தேன். ஃபோனுக்கு சார்ஜ் ஏறியது. அவ்வளவுதான்.

"கார்டு புச்சு மாமே," என்றான் லோகேஷ். கீழ்வீட்டுக்காரன். முகப்பேரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பழைய வயர்லெஸ் கார்டு செத்துவிட்டது என்று சொல்லி நேற்று புதிதாக ஒன்று மாட்டியவன் அவன்தான். "ஒயர்லாம் கரீட்டா குத்திகீறேன். டிரைவரு சாஃப்ட்வேரு ரெண்டு வாட்டி போட்டாச்சு. இதுக்கு மேல மந்திரிக்கத்தான் போணும்."

"உன் லேப்டாப்?"

"மச்சினிச்சி காலேஜுக்கு எட்த்துகினு பூட்டா. இல்லன்னா குடுக்க மாட்டனா?"

ஃபோன் அடித்தது. மாமனார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கே போகிறார்கள். வித்யா இறந்ததிலிருந்து எங்கள் குழந்தை பவ்யா அவர்களிடம்தான் வளர்கிறாள். மூன்று வயது. இந்த வேலை வீட்டிலிருந்தே பார்ப்பது. கிடைத்தால் மகளை நான் வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அவளும் அவர்களோடு போவாள்.

"மாப்ள, நாளைக்குக் காலைல லாரி வந்துரும். பாப்பா துணிமணியயும் சேத்துக் கட்டிரட்டுமா? அத்தை கேக்கா."

"இன்டர்வியூ முடிஞ்சதும் சொல்றேன் மாமா."

"எப்ப முடியும்?"

"இன்னும் ஆரம்பிக்கல."

லேப்டாப்பின் மாடல் எண்ணை ஃபோனில் போட்டுத் தேடினேன். யாரோ எழுதியிருந்தார்கள்: இந்த மாடலில் வயர்லெஸ்ஸுக்குத் தனி சுவிட்ச் உண்டு. முன் விளிம்பில், நகத்தால் தள்ளும் அளவுக்குச் சின்னது.

விளிம்பைத் தடவினேன். சுவிட்ச் தட்டுப்படவில்லை. மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது, நடுவில் சிவப்பு.

லோகேஷ் டார்ச் அடித்தான். "டேய், சந்தனம்டா இது. ஆய்த பூஜைக்கு வெச்சது."

மாமனார் வீட்டில் அரிவாள்மனையிலிருந்து டிவி ரிமோட் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. வித்யாவும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் பழையதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். கடைசியாக வைத்தபோது அந்த விரலே சுவிட்சைத் தள்ளியிருக்க வேண்டும். அந்த ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு நேற்று வரை லேப்டாப்பை யாரும் திறக்கவில்லை. அடுத்த ஆயுத பூஜை துக்க வருஷத்துக்குள் வந்தது. பண்டிகை கிடையாது. யாரும் துடைக்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்த லோகேஷ் என்னைப் பார்த்தான். கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினான்.

"நீயே பண்ணு மச்சான்."

சுரண்டினேன். சந்தனம் பொடியாக மேஜையில் விழுந்தது. வாசனை இல்லை. சுவிட்ச் அசையவில்லை. எச்சில் தொட்டு ஊறவைத்தேன். இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. மறுபடி தள்ளினேன். டக்கென்று நகர்ந்தது. நீல விளக்கு எரிந்தது.

"வந்துச்சு, வந்துச்சு! பாஸ்வேர்டு போடு!" என்று கத்திவிட்டு, லோகேஷ் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். நடுவில் ஏன் வேலையில் இல்லை என்றார் ஒருவர். மனைவி இறந்துவிட்டாள் என்றேன். ஸாரி என்றார். அடுத்த கேள்விக்குப் போனார். எழுதிக் காட்டினேன். ஒரு தடவை திரை உறைந்தது. மறுபடி அசைந்தது. அடுத்த வாரம் சொல்கிறோம் என்றார்கள்.

மாமனாரைக் கூப்பிட்டேன்.

"கெடச்சிட்டா மாப்ள?"

"தெரியல மாமா. அடுத்த வாரம்தான் சொல்வாங்க."

"அப்ப?" பின்னால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

"பாப்பா துணிய லாரில ஏத்தாதீங்க. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

டேப் சத்தம் நின்றது.

"மாப்ள, ஃபேன் ஓடலன்னா அவ தூங்க மாட்டா. மழைன்னாலும் ஓடணும்."

எனக்கு அது தெரியாது.

"வேற என்ன மாமா?" என்றேன்.