இடது லென்ஸின் சாய்வு

கையெழுத்துப் போட மாட்டேன் என்று தையல்கார அக்கா சொல்லிவிட்டார்.

"எங்க அண்ணன் ஜென்மத்துல கண்ணாடி போட்டதில்லம்மா. இது வேற யாரோ பெத்த பிள்ளை."

தைத்த துணிகளை ஒதுக்கிவிட்டு மேஜையில் நான் பரப்பியிருந்தவை நான்கே பொருட்கள்: பெல்ட் கொக்கி, பேனா மூடி, அரித்துப்போன எண் தகடு, மூக்குக்கண்ணாடி. பழைய போர்முனையில் சாலை வெட்டும்போது ஒரு சிப்பாயின் எலும்புகளோடு கிடைத்தவை. பத்தொன்பது வருட மண்ணைக் கழுவி எடுத்தது நான்தான்.

மரபணுச் சோதனை பலிக்கவில்லை. தகட்டில் கடைசி இரண்டு எண்கள் அழிந்திருந்தன. மிச்ச எண்கள் காணாமல் போன மூன்று பேருக்குப் பொருந்தின. மற்ற இரண்டு குடும்பங்களும் இல்லை என்றுவிட்டன. இவரும் மறுத்தால் அந்த எலும்புகள் பெயரில்லாதவர்களின் அலமாரிக்குப் போகும். அங்கே போன எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"காகிதத்துல 'இறந்தவரின் கண்ணாடி'ன்னு போட்டிருக்கே. படிச்சவங்க தப்பாவா எழுதுவாங்க?" என்றார் அவருடைய கணவர், இஸ்திரி போட்டபடி.

"நீங்க கையில இருக்கற சட்டையைப் பாருங்க. கருகிடப்போகுது."

சட்டைப் பையில் இருப்பது சட்டைக்காரருடையது. எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் எழுதுவோம். நானும் பட்டியலில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அக்காவின் மூக்கில் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது லென்ஸ் தடிமனாக இருந்தது. மேஜையில் கிடந்ததும் அப்படித்தான்.

"அக்கா, நான் எழுதினது தப்பா இருக்கலாம். இதோட அகலத்தை அளந்து பாருங்களேன்."

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து வைத்தார். "நாலரை இன்ச். இது சின்னப் பிள்ளைங்க..." டேப் அப்படியே நின்றது.

"எனக்கு அப்போ பதினொண்ணு. கண்ணாடிக் கால் கழண்டுபோச்சு. அண்ணன் லீவுல வந்திருந்தான். 'அழாதடி, நான் சரிபண்ணித் தர்றேன்'னு பையில போட்டுக்கிட்டான். அன்னைக்கே பட்டாளத்துலேருந்து ஆள் வந்து அவனைக் கூப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. 'தொலைச்சுட்டு அண்ணன் மேல பழி போடுறியா'ன்னு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். கடைசிவரைக்கும் அம்மா நம்பவே இல்ல."

"உங்க கண்ணாடியைக் கொஞ்சம் தாங்க."

ஜன்னல் கம்பிக்கு நேராக இரண்டு இடது லென்ஸ்களையும் பிடித்தேன். சில கண்களுக்குத் தரும் லென்ஸ் வழியே பார்த்தால் நேரான கம்பி சாய்ந்து தெரியும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. வயதாக ஆகப் பவர் ஏறும். அந்தச் சாய்வு அவ்வளவாக மாறாது. இரண்டிலும் கம்பி ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அட, ஆமா! நீ எல்லாத்தையும் கோணலாப் பாக்கறேன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், கேட்டியா?"

"கோணலாப் பாத்ததாலதான் உங்களைக் கட்டிக்கிட்டேன்," என்றார் அக்கா. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்திருந்தது.

பழைய கண்ணாடியை வாங்கித் திருப்பினார். "இதென்ன கம்பி?"

"செம்புக் கம்பி. கழண்ட இடத்துல ஏழு சுத்து சுத்தியிருக்கு. கடையில இப்படிப் பண்ண மாட்டாங்க."

அவர் கண்ணாடிக் காலை மடக்கினார், விரித்தார். பிசிறில்லாமல் திரும்பியது.

"சரிபண்ணிட்டான்," என்றார் கணவரிடம். "பாத்தீங்களா, சொன்ன மாதிரியே சரிபண்ணிட்டான்."

'இறந்தவரின்' என்பதை அடித்துவிட்டு, 'இறந்தவருடைய தங்கையின்' என்று எழுதினேன். பட்டியலில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி. பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். கீழே அக்கா தன் கையெழுத்தைப் போட்டார்.

"எப்போம்மா அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவீங்க?"

"நாளைக்குக் காலையில," என்றேன். அதற்கு முன்னால் மேலதிகாரிகள் மூன்று பேரிடம் நான் பேசியாக வேண்டும். பேசுவேன்.